ஏ.என்.எம். படித்துப் பதிவு பெற்ற செவிலியர் ஆகலாமா? வேலூர்ப் பகுதி மாணவியரும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்த வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பிளஸ் டூ முடிவு வந்த கையோடு நர்சிங் பற்றிய விசாரிப்புகள் தொடங்கிவிடும். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: இரண்டு ஆண்டுப் படிப்பான ஏ.என்.எம்.மில் இப்போது சேர்ந்துகொண்டு, பிறகு மெல்லப் படித்து முழுச் செவிலியர் ஆகிவிட முடியுமா என்பதே அது. முடியும். ஆனால் அந்த வழி யாருக்குப் பொருந்தும், யாருக்கு வீண் சுற்றாகும் என்பதைச் சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதில்கள் சற்று விரிவாக எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் ஆகிய மூன்றுக்கும் என்ன வேறுபாடு?

ஏ.என்.எம். என்பது துணைச் செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் பயிற்சி. களப்பயிற்சிக் காலத்தையும் சேர்த்து 2 ஆண்டுகள். தாய் சேய் நலம், தடுப்பூசி, குடும்ப நலம், ஊர்ப்புறச் சுகாதாரம் ஆகியவையே அதன் உயிர்நாடி. ஜி.என்.எம். என்பது பொதுச் செவிலியம், மகப்பேறு செவிலியம் இரண்டையும் கற்பிக்கும் 3 ஆண்டுப் பட்டயப் படிப்பு. பெரிய மருத்துவமனையின் எந்த வார்டிலும் நோயாளியின் முழுப் பராமரிப்பையும் பொறுப்பேற்று நடத்தும் அளவுக்கு அது பயிற்சி தருகிறது. பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுப் பட்டப்படிப்பு. தமிழ்நாட்டில் இதை நடத்தும் கல்லூரிகளில் பெரும்பாலானவை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை.

சட்டப்படி "பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற மகப்பேறு செவிலியர்" என்ற தகுதி ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. முடித்தவர்களுக்குத்தான் கிடைக்கும். ஏ.என்.எம். முடித்தவரும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்துகொள்கிறார் என்றாலும், அவருடைய பெயர் துணைச் செவிலியருக்கான தனிப் பதிவேட்டில்தான் ஏறும். இரண்டும் பதிவுதான், எல்லாம் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் வெளிநாடு செல்லும்போதும் முதலில் பார்க்கப்படுவது எந்தப் பதிவேடு என்பதுதான்.

கேள்வி: ஏ.என்.எம். முடித்தவர் ஜி.என்.எம். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாமா?

சேர முடியாது. இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். பாலிடெக்னிக் முடித்தவர்கள் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேருவதைப் பார்த்துப் பழகிய நம் வீடுகளில், நர்சிங்கிலும் அப்படித்தான் இருக்கும் என்று இயல்பாகவே எண்ணிவிடுகிறார்கள். இந்திய செவிலியர் குழுமத்தின் விதிகளின்படி, பதிவு பெற்ற ஏ.என்.எம். ஒருவர் ஜி.என்.எம். படிப்புக்குத் தகுதியுடையவர் ஆகிறார், அவ்வளவுதான். முதல் ஆண்டிலிருந்தே 3 ஆண்டுகளும் படித்தாக வேண்டும். ஏற்கெனவே படித்த உடற்கூறியலையும், ஏற்கெனவே பார்த்த பிரசவங்களையும் காட்டி ஓர் ஆண்டைக் குறைத்துக்கொள்ள வழியில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நேரடியாக ஜி.என்.எம். சேர்ந்தால் பதிவு பெற்ற செவிலியராக 3 ஆண்டுகள் போதும். ஏ.என்.எம். வழியாகப் போனால், இடையில் ஒரு நாள்கூட வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் 5 ஆண்டுகள். அதற்கு மேல் பட்டமும் வேண்டும் என்றால், ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான 2 ஆண்டுப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. சேர்த்து 7 ஆண்டுகள். அதே பட்டத்தை நேரடியாகப் படிப்பவருக்கு 4 ஆண்டுகளே ஆகின்றன. இந்த மூன்று ஆண்டு வித்தியாசத்துக்கு உங்களிடம் நல்ல காரணம் இருக்கிறதா என்பதுதான் முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

கேள்வி: அப்படியானால் ஏ.என்.எம். வழி யாருக்குத்தான் நல்லது?

முதலாவதாக, ஊர்ப்புறச் சுகாதாரப் பணியையே விரும்பி வருபவர்களுக்கு. அவர்களுக்கு ஏ.என்.எம். அதுவே ஒரு முழுத் தொழில், ஜி.என்.எம். பிற்காலத்தில் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம். அரசுப் பணியில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்தவர்களுக்குப் பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர் என்று மேலே செல்லும் பதவி உயர்வுப் பாதையும் அந்தத் துறைக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டாவதாக, மூன்று ஆண்டுச் செலவை வீடு தாங்காது, இரண்டே ஆண்டில் சம்பாதிக்கத் தொடங்கியாக வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு. பீடிச் சுற்றிலும் தோல் தொழிற்சாலைக் கூலியிலும் நடக்கும் குடும்பங்கள் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்தில் ஏராளம். அப்படிப்பட்ட வீட்டின் மூத்த பெண் முதலில் ஒரு வேலைக்குப் போய், தம்பி தங்கைகள் ஒரு நிலைக்கு வந்தபின் தன் படிப்பைத் தொடர்வது மதிக்கத்தக்க திட்டம். மூன்றாவதாக, பிளஸ் டூவில் 40 விழுக்காடு எடுக்க முடியாமல் போனவர்களுக்கு. ஜி.என்.எம். படிப்புக்கு ஆங்கிலத்தோடு கூடிய பிளஸ் டூவில் மொத்தம் 40 விழுக்காடு வேண்டும். பதிவு பெற்ற ஏ.என்.எம். என்ற தகுதியில் வருபவர், அந்தப் பயிற்சியில் தேர்ச்சி மதிப்பெண் பெற்றிருந்தாலே போதும்.

இந்த மூன்றில் ஒன்றும் உங்களுக்குப் பொருந்தவில்லை, 40 விழுக்காட்டுக்கு மேல் கையில் இருக்கிறது, மூன்று ஆண்டுச் செலவையும் எப்படியாவது சமாளிக்கலாம் என்றால், ஏ.என்.எம்.மை வெறும் படிக்கட்டாக எண்ணிச் சேர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நேரே ஜி.என்.எம். சேருங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து 45 விழுக்காடும் இருக்கிறது என்றால் பி.எஸ்சி.க்கே முயலுங்கள்.

கேள்வி: எங்கள் அத்தை பத்தாம் வகுப்போடு ஏ.என்.எம். படித்தாரே, இப்போதும் முடியுமா?

முடியாது. அன்று அந்தப் பயிற்சி 18 மாதங்களாகவும், பத்தாம் வகுப்புத் தகுதியோடும் இருந்தது. இன்று பிளஸ் டூ தேர்ச்சி கட்டாயம். வயது 17 முதல் 35 வரை இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணை "நர்சிங்கில் சேர்த்துவிடுகிறோம்" என்று எவராவது அழைத்தால், அது பதிவுக்குத் தகுதியான படிப்பு அல்ல என்று அந்த இடத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: பிளஸ் டூவில் அறிவியல் படிக்கவில்லை. வாய்ப்பு உண்டா?

ஏ.என்.எம்.முக்கும் ஜி.என்.எம்.முக்கும் உண்டு. கலைப்பிரிவு மாணவியரும், தொழிற்கல்விப் பிரிவில் சுகாதாரம் சார்ந்த பாடம் எடுத்தவர்களும் சேரலாம். பி.எஸ்சி. நர்சிங்குக்கு மட்டும் அறிவியல் பாடங்கள் இன்றியமையாதவை. பட்டம் வேண்டுமென்றால் ஜி.என்.எம். முடித்துப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிப்பதே கலைப்பிரிவு மாணவருக்குத் திறந்திருக்கும் வழி.

கேள்வி: பையன்கள் ஏ.என்.எம். சேரலாமா?

இல்லை, அது பெண்களுக்கு மட்டுமான படிப்பு. பையன்களுக்கு ஜி.என்.எம்., பி.எஸ்சி. இரண்டும் உண்டு. ஆனால் சில பள்ளிகள் மாணவியரை மட்டுமே சேர்ப்பதால் விண்ணப்பிக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஏ.என்.எம். முடித்தவரின் அன்றாட வேலை எப்படி இருக்கும்?

சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும், மலைப்பகுதியில் சுமார் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அங்கே பொறுப்பில் இருப்பவர் கிராம சுகாதார செவிலியர். ஊரில் எல்லோரும் "நர்சம்மா" என்றே அழைப்பார்கள். அணைக்கட்டு ஒன்றியத்தின் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை போன்ற ஜவ்வாது மலை ஊர்களை எண்ணிப் பாருங்கள். அங்கே 3,000 பேர் என்பது ஒரே தெருவில் அடங்கியிருப்பதில்லை. குன்றுக்குக் குன்று சிதறிய சிற்றூர்களாக இருப்பார்கள்.

ஒரு கர்ப்பிணியின் வீட்டுக்குச் செல்லும் செவிலியர் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்தால் இந்தப் பணியின் கனம் புரியும். முதலில் எடை, இரத்த அழுத்தம். அடுத்து விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து ஹீமோகுளோபின். 11 கிராமுக்குக் கீழே என்றால் இரத்தசோகை, 7 கிராமுக்குக் கீழே என்றால் அன்றே மேல்மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டிய நிலை. வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குழந்தை எப்படிக் கிடக்கிறது என்று அறிகிறார்; இதயத்துடிப்பைக் கேட்டு எண்ணுகிறார்; அது நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை உண்மையில் விழுங்கினாளா, அல்லது குமட்டுகிறது என்று கூரையில் செருகிவைத்துவிட்டாளா என்பதை அதட்டாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கடைசி வேலைக்கு எந்தக் கருவியும் கிடையாது. பிறகு அனைத்தையும் பிக்மி எனும் கர்ப்பிணிகளுக்கான அரசுக் கணினிப் பதிவில் ஏற்ற வேண்டும், ஏனெனில் மகப்பேறு உதவித்தொகைக்கும் பிறப்புப் பதிவுக்கும் அதில் கிடைக்கும் எண்தான் ஆதாரம்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். பிறந்து 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் எனும் ஐந்து நோய்த் தடுப்பூசிக்கு வர வேண்டிய குழந்தைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வராதவர்களின் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவதும், வெப்பத்தால் மருந்து கெட்டுவிட்டதா என்று காட்டும், குப்பியின் மேல் உள்ள வட்டத்தைப் பார்த்து உள்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளிறியிருந்தால் மட்டுமே ஊசியில் ஏற்றுவதும் அவர் பொறுப்பு. இந்தப் பயிற்சி பெற்ற ஒருவர் பின்னாளில் ஜி.என்.எம். வகுப்பில் உட்காரும்போது, பாட ஆண்டுகள் குறையாவிட்டாலும் அவருடைய கையும் கண்ணும் மற்றவர்களைவிடத் தேறியிருக்கும். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: கணக்கும் ஆங்கிலமும் வராது. தாக்குப்பிடிக்க முடியுமா?

நர்சிங்கில் வேண்டிய கணக்கு பெருக்கலும் வகுத்தலும்தான். ஆனால் தவறு நேரக்கூடாத கணக்கு. 500 மில்லி குளுக்கோஸை 8 மணி நேரத்தில் ஏற்றச் சொல்கிறார் மருத்துவர். உங்கள் கையிலுள்ள குழாய்த் தொகுப்பு ஒரு மில்லிக்கு 20 சொட்டு விடும். 500 ஐ 20 ஆல் பெருக்கினால் 10,000 சொட்டுகள். 8 மணி நேரம் என்பது 480 நிமிடங்கள். வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 சொட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே திருகியை நகர்த்தி அந்த 21 ஐ நிறுத்த வேண்டும். இதை ஒரு வாரம் பழகினால் எவருக்கும் வரும்.

ஆங்கிலம் சற்று நாள் பிடிக்கும். மருந்துப் பெயர்கள், நோயாளிக் குறிப்பேடு, மருத்துவரின் உத்தரவு எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படித்தவர்கள் முதல் ஆறு மாதங்களில் தினமும் பத்துச் சொற்களை எழுத்துப் பிழையின்றி எழுதிப் பழகினால் வகுப்பைப் பின்தொடர முடியும். ஒத்த ஒலியுள்ள மருந்துப் பெயர்களைப் பிரித்தறிய வேண்டியிருப்பதால், இந்த எழுத்துப் பயிற்சி தேர்வோடு முடிந்துபோகும் ஒன்றன்று.

கேள்வி: ஒரு நிறுவனம் உண்மையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்படும் "ஓராண்டு நர்சிங் டிப்ளமோ", "நர்சிங் உதவியாளர் பயிற்சி, உடனடி வேலை" போன்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் சில முதியோர் பராமரிப்புக்கோ சிறு கிளினிக் உதவிக்கோ பயன்படலாம். ஆனால் அவற்றை முடித்தவரின் பெயர் எந்தச் செவிலியர் பதிவேட்டிலும் ஏறாது. அந்தச் சான்றிதழைக் கொண்டு ஜி.என்.எம். சேரும் தகுதியும் வராது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பெற்றோரிடம் ஓராண்டு கழித்து இதைச் சொல்வது மிகுந்த வேதனையான வேலை.

ஆகவே சேருவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்திய செவிலியர் குழுமம், அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மாநிலவாரியாகவும் படிப்புவாரியாகவும் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. நீங்கள் சேரப்போகும் நிறுவனத்தின் பெயர், நீங்கள் சேரப்போகும் அதே படிப்புக்கு, நீங்கள் சேரப்போகும் அதே கல்வியாண்டில் அங்கே இருக்க வேண்டும். பி.எஸ்சி.க்கு அங்கீகாரம் இருப்பதால் ஏ.என்.எம்.முக்கும் இருக்கும் என்று கொள்ளக்கூடாது. மாநிலக் குழுமத்தின் அங்கீகாரத்தையும் இதேபோல் பாருங்கள். அக்குழுமத்தின் அலுவலகம் சென்னைச் சாந்தோமில் இருக்கிறது. செவிலியர் கல்வியை ஒழுங்குபடுத்தப் புதிய தேசிய ஆணையம் அமைக்கும் சட்டம் 2023 இல் நிறைவேறியிருப்பதால், பழைய தாளை நம்பாமல் சேரும் ஆண்டின் விதியையே பார்க்க வேண்டும்.

பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். நேரில் சென்று, மாணவியர் பயிற்சிக்குச் செல்லும் மருத்துவமனை எது என்று கேளுங்கள். முடிந்தால் அந்த மருத்துவமனைக்கே போய், பிரசவ வார்டில் இந்தப் பள்ளியின் சீருடை அணிந்த மாணவியர் இருக்கிறார்களா என்று பாருங்கள். இறுதியாண்டு மாணவி ஒருத்தியிடம் தனியாக இரண்டு நிமிடம் பேசினால், நீங்கள் எத்தனை பிரசவம் பார்த்தீர்கள் என்ற ஒரே கேள்வியில் உண்மை தெரிந்துவிடும். கட்டிடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், நோயாளிகள் இல்லாத இடத்தில் செவிலியர் உருவாக முடியாது.

கேள்வி: எனக்கு 38 வயது, ஏ.என்.எம்.மாகப் பணிபுரிகிறேன். இனி ஜி.என்.எம். சேர முடியுமா?

முடியும். ஜி.என்.எம். படிப்புக்குப் பொதுவான உச்ச வயது 35, ஆனால் ஏ.என்.எம். தகுதியோடு வருபவர்களுக்கு இந்திய செவிலியர் குழுமம் வயது வரம்பு விதிக்கவில்லை. இது ஏ.என்.எம். வழியின் பெரிய நன்மை என்றே சொல்வேன். திருமணம், குழந்தைகள், வீட்டுப் பொறுப்பு என்று பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பிறகும் கதவு அடைபடுவதில்லை. ஆனால் இது முழுநேரப் படிப்பு. வேலையில் இருந்துகொண்டே மாலை நேரத்தில் படித்து முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அங்கே போக வேண்டாம். அரசுப் பணியில் உள்ளவர் தம் துறையின் முன் அனுமதியைப் பெற்ற பிறகே விண்ணப்பிக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்குச் சம்பளம் இல்லாமல் வீடு நடக்குமா என்ற கேள்விக்குக் கணவரோடும் பெரியவர்களோடும் உட்கார்ந்து முதலிலேயே விடை காணுங்கள். வகுப்பில் உடன் படிப்பவர்கள் உங்கள் மகள் வயதில் இருப்பார்கள். அது முதல் மாதம் கூச்சமாக இருக்கும், பிறகு அவர்களே உங்களை அக்கா என்று சுற்றிவருவார்கள்.

கேள்வி: ஜி.என்.எம். முடித்தபின் பட்டம் பெற என்ன வழி?

போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங், 2 ஆண்டுகள். பிளஸ் டூவும், ஜி.என்.எம்.மும், செவிலியர் பதிவும் வேண்டும். பணியில் இருப்பவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இதே பட்டத்தை 3 ஆண்டுகளில் நடத்துகிறது. பதிவுக்குப் பின் 2 ஆண்டுப் பணி அனுபவமும் நுழைவுத் தேர்வும் உண்டு. குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு இது பெரிய வரம். ஜி.என்.எம். படிப்பையே மூடப்போகிறார்கள் என்ற பேச்சு பல ஆண்டுகளாகக் காற்றில் இருக்கிறது. அதைக் கேட்டு அஞ்ச வேண்டாம்; சேர்ந்து, முடித்து, பதிவு செய்தவரின் பதிவு செல்லும்.

கேள்வி: சி.எம்.சி.யில் இடம் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

வேலூரில் நர்சிங் என்றதும் சி.எம்.சி.யை, அதாவது கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நினைப்பது நியாயம். அதை நிறுவிய மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909 இல் இங்கே செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். 1946 இல் நாட்டின் முதல் நர்சிங் பட்டப்படிப்புகள் டெல்லியிலும் வேலூரிலும் தொடங்கின. பட்டயம், பட்டம், போஸ்ட் பேசிக், முதுநிலை என எல்லாம் அங்கே இருக்கின்றன. நாடு முழுவதிலிருந்தும் போட்டியிடுகிறார்கள், அதற்கெனத் தனி விண்ணப்பமும் தனித் தேர்வுமுறையும் உண்டு. ஆகவே முயலுங்கள்; ஆனால் அதை மட்டுமே நம்பி ஓராண்டை வீணாக்க வேண்டாம். அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு மூலம் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நடக்கும் சேர்க்கைக்குத் தவறாமல் விண்ணப்பியுங்கள். அரசுப் பள்ளியில் கட்டணம் குறைவு, நோயாளிகளின் எண்ணிக்கையோ அதிகம். கற்க வேண்டியவருக்கு இரண்டும் நல்லதே.

கேள்வி: கட்டணத்துக்கு என்ன உதவி உண்டு?

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். பட்டயம், பட்டம் இரண்டுக்கும் பொருந்தும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கான கல்வி உதவித்தொகைகளைக் கல்லூரி அலுவலகத்திலேயே கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கல்விக்கடனில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்கக்கூடாது. கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் கல்விக் கட்டணம், ஹாஸ்டல், சாப்பாடு, சீருடை, தேர்வுக் கட்டணம், பயிற்சி மருத்துவமனைக்குச் செல்லும் வண்டிச் செலவு ஆகிய அனைத்தையும் ஒரே தாளில் எழுதி முத்திரையோடு தரச் சொல்லுங்கள். கந்துவட்டிக்கு வாங்கிப் படிக்க வைக்காதீர்கள், ஏ.என்.எம்.மின் முதல் சம்பளம் அந்த வட்டிக்கே போதாது.

கேள்வி: பதிவு செய்தபின் வேறு கடமை உண்டா?

உண்டு. தேசியச் செவிலியர் பதிவேட்டில் தனி அடையாள எண் பெற வேண்டும். பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குள் 150 மணி நேரத் தொடர் கல்வி வேண்டும் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் நெறி. கருத்தரங்குச் சான்றிதழ்களை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் உள்ள சித்தி, அங்கே எல்.பி.என். படித்து ஆர்.என். ஆகலாம் என்கிறார். அதுவும் ஏ.என்.எம். வழியும் ஒன்றா?

எண்ணத்தில் ஒன்று, விதியில் வேறு. அமெரிக்காவில் எல்.பி.என். என்பது துணை நிலைச் செவிலியர், ஆர்.என். என்பது பதிவு பெற்ற செவிலியர். எல்.பி.என். படிப்பு ஏறக்குறைய ஓர் ஆண்டு. கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் அதே தகுதிக்கு எல்.வி.என். என்று பெயர். என்கிளெக்ஸ்-பி.என். தேர்வில் தேறினால் உரிமம் கிடைக்கும். நாம் மேலே பார்த்த குறை அங்கே பெரும்பாலும் இல்லை: எல்.பி.என்.னிலிருந்து ஆர்.என்.னுக்கான இணைப்புப் படிப்புகள் உண்டு, அவற்றில் முன் படித்ததற்கு மதிப்புக் கொடுத்துக் காலத்தைக் குறைக்கிறார்கள். முடிவில் என்கிளெக்ஸ்-ஆர்.என். எழுத வேண்டும். எனவே ஏற்கெனவே அங்கே குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ பெற்ற பெண்ணுக்கு, விரைவாக வேலைக்குப் போய்ப் படிப்பைத் தொடர அது நல்ல வழி. அந்தந்த மாநிலச் செவிலியர் வாரியத்தின் அங்கீகாரம் உள்ள கல்லூரிதானா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கிருந்து போக நினைப்பவரின் நிலைமை வேறு. ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. முடித்துப் பதிவு பெற்றவர், தம் படிப்பை மதிப்பீடு செய்வித்து நேரடியாக என்கிளெக்ஸ்-ஆர்.என்.னுக்கே விண்ணப்பிக்கலாம், எல்.பி.என். படிக்க வேண்டிய தேவையில்லை. அமெரிக்கக் குடியேற்ற விதிகளில் செவிலியருக்கு உள்ள தனிச் சலுகையும் ஆர்.என். தகுதிக்குத்தான், எல்.பி.என்.னுக்கு இல்லை. கனடாவில் ஆர்.என். ஆவதற்கான விதி மாகாணத்துக்கு மாகாணம் வேறு; ஜி.என்.எம். மட்டும் போதுமா என்பதை அந்தந்த மாகாணத்தின் விதியில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏ.என்.எம். சான்றிதழோடு வெளிநாட்டில் ஆர்.என். வேலை என்று ஒருவர் வாக்குறுதி தந்தால், அங்கே பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: வளைகுடாவுக்கு ஏஜென்ட் மூலம் போகலாமா?

வளைகுடா நாடுகள் உட்படக் குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியர்களை அனுப்பும் பணி 2015 முதல் அரசு சார்ந்த முகமைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1978 இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அத்தகையது. அதன் அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள். சுற்றுலா விசாவில் அழைத்துப்போய் அங்கே மாற்றித் தருகிறோம் என்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவே கூடாது.

கேள்வி: இரவு டியூட்டி இருக்கும் என்பதால் வீட்டில் அனுப்பத் தயங்குகிறார்கள். என்ன சொல்வது?

தயக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். பெற்றோரை அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். ஹாஸ்டலிலிருந்து மருத்துவமனைக்கு இரவில் எப்படி அழைத்துச் செல்கிறார்கள், உடன் வருபவர் யார், இரவு டியூட்டியில் பயிற்றுநர் இருப்பாரா என்று அவர்களையே கேட்கச் சொல்லுங்கள். தெளிவான விடை தராத பள்ளியில் சேர்க்க வேண்டாம். தெளிவாகச் சொல்லும் பள்ளி என்றால், அப்பாவை ஒருமுறை வார்டு வாசலில் நிற்க வைத்து, உங்கள் வயதுப் பெண்கள் செய்யும் வேலையைப் பார்க்கச் செய்யுங்கள். வாதாடுவதைவிட அது பயன் தரும்.

கேள்வி: சேரும் நாளில் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மருத்துவத் தகுதிச் சான்று, ஆதார் ஆகியவற்றைக் கேட்பார்கள். அசல்களைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் ஐந்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன கொடுத்தோம் என்ற பட்டியலில் அலுவலகத்தின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். படிப்பு முடித்தபின் இத்தனை ஆண்டு இங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற பாண்டு பத்திரத்தை நீட்டினால், வீட்டுக்கு எடுத்துச் சென்று விவரம் தெரிந்தவரிடம் படித்துக் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம். ஏ.என்.எம். முடித்து ஜி.என்.எம். தொடரும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், அந்தப் பத்திரம் உங்கள் திட்டத்தையே இரண்டு மூன்று ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிவிடக்கூடும்.